பின்னட்டை முகம்

"சித்தி, என் நாவல்ல வர்ற பொண்ணு பேர் என்ன?"

மேடையேறப் போகும் நேரத்தில் நாவலாசிரியை கேட்டாள்.

"வாத்து. அப்படித்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. முதல் வரியே அதுதான்டி! அதையாவது படிச்சிருக்கக் கூடாதா?"

"அட்டையைப் பாத்தேன் சித்தி. என் ஃபோட்டோ சூப்பரா வந்திருக்கு."

சித்திக்கு ஐம்பத்தாறு வயது. பதின்வயதுப் பிள்ளைகளுக்காக அவள் எழுதிய மூன்று நாவல்களும் சக்கைப்போடு போடுகின்றன. பெயரும் படமும் மட்டும் அக்கா மகளுடையவை.

அது பதிப்பாளரின் ஏற்பாடு. "பசங்க படிக்கிற புக்கும்மா. பின்னட்டையில நரைச்ச தலையைப் பாத்தா ஒருத்தனும் தொடமாட்டான். வர்ற மெயிலைப் பாருங்க, எல்லாம் ஸ்கூல் பிள்ளைங்க."

"நாலாவதுக்காவது என் பேரைப் போடுங்களேன்."

"விஷயம் வெளியில தெரிஞ்சா நாலாவதுன்னு ஒண்ணே கிடையாது!"

இன்று மூன்றாவது நாவலுக்கு வாசகர் சந்திப்பு. முன்வரிசைகளில் பிள்ளைகள். பின்வரிசைகளில் அவர்களைக் கூட்டி வந்த பெரியவர்கள். மேடையில் அக்கா மகள். தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கும் சாக்கில் அவளுக்குப் பின்னால் சித்தி, கிசுகிசுத்துப் பதில் சொல்ல.

முதலில் வந்த கேள்விகள் சுலபம். காலையில் எழுதுவீர்களா, மாலையிலா? பேனாவா, லேப்டாப்பா?

பிறகு, பிள்ளைகளின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஒரு கண் கைபேசியில். பின்னால் இருந்த அவள் அப்பா முன்னால் சாய்ந்து, காதில் ஏதோ ஓதினார்.

"வாத்தை நீச்சல் டீம்ல இருந்து எடுத்துடறாங்க. அவ ஏன்... என்னப்பா? ஆங், அவ ஏன் அதை வீட்ல சொல்லல?"

"அருமையான கேள்வி!" என்றாள் அக்கா மகள். "அதை நீங்கதான் யோசிக்கணும்."

அப்பா துள்ளி எழுந்தார்.

"இதென்னங்க மழுப்பல்? மாசக்கணக்கா தெருக்குழாயில துண்டை நனைச்சுக்கிட்டு, நீந்திட்டு வர்ற மாதிரியே வீட்டுக்குள்ள வர்றா. யாரோ ஒரு பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி அழறா. பெத்த அப்பன் வீட்ல குத்துக்கல்லாட்டம் இருக்கேன்... இருக்கார். அவர்கிட்ட ஏன் சொல்லல?"

பதிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "சார், இது பிள்ளைங்க நிகழ்ச்சி. உங்க கேள்வியை எல்லாம் பொண்ணு வாயில திணிக்காதீங்க. அவங்களைப் பேச விடுங்க!"

அந்த அப்பா முகம் சுருங்கி உட்கார்ந்தார்.

சித்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதிப்பாளர் கண்ணாலேயே அதட்டினார். நாலாவது நாவல் பாதி எழுதியபடி வீட்டு மேசையில் கிடந்தது. ஆனாலும் சித்தி முன்னால் வந்து அவரிடமிருந்து மைக்கை வாங்கிவிட்டாள்.

"அப்பா அடிப்பாருன்னு அவளுக்குப் பயமில்ல சார். 'போனாப் போகுது கண்ணு'ன்னு சிரிச்சுட்டு, பாத்ரூம்ல போய் அழுவாரு. அதைத்தான் அவளால தாங்க முடியாது."

அந்த அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகள் கைபேசியை மடியில் கவிழ்த்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க யாரும்மா?" என்றது ஒரு குரல்.

"எழுதினவங்க," என்றாள் அக்கா மகள், விட்டது தொல்லை என்ற முகத்தோடு. "நான் ஃபோட்டோ மட்டும்."

பதிப்பாளர் தலையில் கை வைத்தார்.

"ஏமாத்திட்டேன்," என்றாள் சித்தி. "புத்தகத்தைப் படிச்சவங்க கொஞ்சம் கை தூக்குங்க. அவங்க முகத்தைப் பாத்து மன்னிப்புக் கேக்கணும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்கள். ஒரு கையும் எழவில்லை.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. அந்த அப்பாதான். அடுத்து ஒரு அத்தை. ஒரு தாய்மாமா. இரட்டையர்களின் அம்மா. டை கட்டிய ஒருவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காது உயரத்துக்கு மட்டும்.

"நாங்களும்தாம்மா ஏமாத்திட்டோம்," என்றார் அப்பா. "இந்த வயசுல வாத்துக் கதை படிக்கிறேன்னா ஆபீஸ்ல சிரிப்பாங்க. பொண்ணு பேர்லதான் மெயில் போடுவேன்."

"அதுக்கு மாசாமாசம் எனக்கு ரீசார்ஜ்," என்றாள் மகள்.

பதிப்பாளர் எழுந்த கைகளை ஒரு நோட்டம் விட்டார். பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"நாலாவது நாவல் இவங்க பேர்லயே வருது! நரைச்ச முடி பளிச்சுனு தெரிய, முழுப் பக்கப் படத்தோட! என்ன எழுத்துங்க! கடைசியில அந்த வாத்துப் பொண்ணு தண்ணியில மூழ்கிச் சாகறப்போ, நானே குலுங்கிக் குலுங்கி அழுதுட்டேன்!"

பின்வரிசைகள் மொத்தமும் ஒரே குரலில் கத்தின:

"சார், அவ சாகவே இல்ல!"