அரசனுக்குப் பிடிக்காத முகம்

“நேரில கண்ட உடனேயே அரசனுக்கு அவவைப் பிடிக்கேல்லை” என்றாள், கோட்டையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த ஞானமலர்.

லவினியா ஓரக்கண்ணால் நிஷாந்தனைப் பார்த்தாள். அவன் கோட்டை ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் நேரில் சந்தித்தது அன்று காலையில்தான். அதுவரை படமும் போன் திரையும் மட்டுமே. க்ளேவ நகரத்துக் கோட்டையைத் தமிழில் சுற்றிக் காட்டும் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கோயிலில் கேள்விப்பட்டு, இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் லவினியாவின் அம்மா கமலாம்பிகை. போகிற வழியில் பிள்ளைகள் பேசிப் பழகட்டும் என்று நினைத்தார்.

பீலெஃபெல்ட் நகரிலிருந்து காரில் வழி முழுதும் வாய் ஓயாமல் பேசி வந்த நிஷாந்தன், கோட்டை வாசலில் இறங்கியதிலிருந்து வாய் திறக்கவில்லை.

லவினியாவுக்கு இது புதிதில்லை. படத்தைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, நேரில் பார்த்ததும் வேண்டாம் என்று போனவர்கள் ஏற்கெனவே இரண்டு பேர். முதல் முறை அழுதாள். இப்போது அழுகைகூட வரவில்லை.

“என்ன குறையாம் அவவில?” என்று கேட்டார் கமலாம்பிகை.

கையிலிருந்த அட்டையில் அச்சிட்ட ஓவியத்தை ஞானமலர் உயர்த்திக் காட்டினாள். ஆன் என்ற இளவரசி. இந்த மண்ணிலிருந்து புறப்பட்டு இங்கிலாந்துக்கு அரசியாகப் போனவள்.

“இந்தப் படத்தைப் பார்த்துத்தான் கேட்டவன். நேரில இந்த மாதிரி இல்லையாம். அவவுக்கு அந்த நாட்டுப் பாஷையும் தெரியாது. என்ன பிழை செய்தனான் எண்டு கேக்கவும் ஏலாது. ஆறு மாதத்தில, அந்தக் கலியாணமே செல்லாதெண்டு சொல்லிப்போட்டினம்.”

“அவ மறுக்கேல்லையோ?” என்றார் கமலாம்பிகை.

“இல்லை, ஓம் எண்டிட்டா. முதல் இருந்த அரசி ஒருத்தியின்ர தலையை வெட்டுவிச்சவன் அவன். பயம் இருக்கும்தானே.”

பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல ஞானமலர் சொல்லிக்கொண்டு போனாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“பிறகு ஊருக்குத் திரும்பி வந்தாவோ?” என்றாள் லவினியா.

“வரேல்லை. அங்கேயே இருந்து செத்தா.” ஞானமலர் அட்டையைக் கைப்பைக்குள் வைத்தாள். “கலியாணம் செல்லாதெண்ட அந்த மாதமே அரசன் இன்னொருத்தியைக் கட்டினான். சின்னப் பெட்டை. ரெண்டு வருஷம் போகேல்லை, அவளின்ர தலையும் போச்சு.”

“கார் பார்க்கிங் நேரம் முடியுது” என்றான் நிஷாந்தன். கோட்டைக்குள் அவன் பேசியது அது ஒன்றுதான்.

கீழே முற்றத்தில் கமலாம்பிகை தான் சுட்டுக் கொண்டுவந்த கேக் பெட்டியைத் திறந்தார். “தம்பி, முதல் நீங்கள் எடுங்கோ.”

“பாதாம் கிடக்கு, அவருக்கு வேண்டாம்” என்றாள் ஞானமலர்.

நிஷாந்தன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு கார் எடுக்கப் போனான். அம்மா சுட்ட கேக்கைக்கூட அவன் தொடவில்லை. அதுதான் லவினியாவின் மனதில் நின்றது.

கமலாம்பிகை கை கழுவப் போனதும், லவினியா ஞானமலரிடம் விடைபெறக் கை கொடுத்தாள். கொடுத்த கையை எடுக்கத் தோன்றவில்லை.

“அக்கா, உங்களிட்ட சொன்னால் என்ன. இவர் என்னைப் பொம்பிளை பார்க்க வந்தவர். இன்னும் கலியாணம் கட்டாத நல்ல பெடியன் எண்டு புரோக்கர் கொண்டுவந்த சம்பந்தம். இஞ்ச வந்ததிலயிருந்து முகம் குடுத்துக் கதைக்கிறார் இல்லை. நானும் படத்தில இருக்கிற மாதிரி இல்லைப் போல.”

“அப்பிடி இல்லை.”

“ஆறுதலுக்குச் சொல்லாதேங்கோ. எனக்குப் பழகிப் போச்சு. அந்த அரசிக்கு நடந்ததுதான் எனக்கும்.”

ஞானமலர் அவள் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். வெளியே நிஷாந்தன் ஹோர்ன் அடித்தான். இரண்டு பேரும் திரும்பவில்லை.

“உம்மில ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. அவர் வாயடைச்சு நிண்டது உம்மைக் கண்டு இல்லை. என்னைக் கண்டு.”

“உங்களையோ? ஏன்?”

ஞானமலரின் குரல் அப்போதும் மாறவில்லை.

“எனக்குத் தாலி கட்டினவர் அவர்தான்.”