அடிக்கட்டையில் கட்டிய துணி

ஜீப்பின் முன்மூடி மேல் இரண்டு துப்பாக்கிகள் கிடக்கின்றன. ஜாம்பேசி ஆற்றங்கரையின் முட்புதரில் காலை வெயில் ஏறுகிறது. நேற்று முடெண்டாவின் மச்சானைக் குத்திக் கொன்ற காட்டெருமை, குண்டுக்காயத்தோடு அதற்குள்தான் நிற்கிறது. அதை முடிக்கப் போகிற வனக்காவலன் முடெண்டா, கைக்குப் பழகிய சின்னதை விட்டுவிட்டுப் பெரியதைத் தூக்குகிறான். யானையையே சாய்ப்பது. உயிருக்குக் காவலாக இருக்கட்டும் என்று மச்சானின் கையில் இதைத் திணித்தவனும் அவன்தான். தோளில் பதியும் அடிக்கட்டையில் ஒரு துணி மடித்துக் கட்டியிருக்கிறது. மஞ்சளில் நீல மீன்கள். எதிரே நிற்கும் தங்கை, மச்சானின் மனைவி லுவேண்டோவின் இடுப்புத் துணியிலும் அதே மீன்கள், ஓரம் கிழிந்து.

"நான்தாண்ணே கட்டிவிட்டேன். தோளு கன்னிப்போயி வருவாரு. துப்பாக்கி பின்னால இடிக்குமேன்னு சுடுறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்குதும்பாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"உங்கண்ணன் ஆசையாக் குடுத்தத வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னாரு."

முடெண்டா பெரியதைக் கீழே வைக்கிறான். சின்னதை எடுத்துத் தோட்டாக்களைப் போடுகிறான். லுவேண்டோ முடிச்சை அவிழ்த்துத் துணியை எடுக்கிறாள். மடிப்பில் தோள் அழுந்திய குழி அப்படியே இருக்கிறது. உதறாமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள்.