சங்கு

அரியமங்கலத்தில் விஜயராணி தைக்கும் தோல் பை, பாரிஸ் கடையில் லட்ச ரூபாய்க்குப் போகிறது. அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் பேரில் ஆலைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில் ஒரு புகார் நம்பர் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்குப் பின்னால் நின்று அதற்குப் போன் போட்டாள். வாட்ச்மேன் வீரமலை சங்கு ஊதுவதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

“வணக்கம்மா, சென்னைலேர்ந்து பேசுறோம்,” என்றது கனிவான ஒரு பெண் குரல். “சுத்துச்சூழல் எப்படி, தொழிலாளிகளை எப்படி நடத்துறாங்கன்னு பாத்து மார்க் போடுறது நாங்கதான். உங்க பேரு வேண்டாம். பயப்படாம சொல்லுங்க.”

“சாயத்தண்ணிய அப்படியே வாய்க்கால்ல விடுறாங்க மேடம். வேலை நேரத்துல கதவை வெளியில பூட்டிடுறாங்க. பவுனம்மா அக்காவுக்குக் கையெல்லாம் வெந்துபோச்சு, லீவு தரல.”

“அடப்பாவமே! ஆடிட் வந்தவங்ககிட்ட ஏன் சொல்லல?”

“வாயத் தொறந்தா வேலைக்குச் சங்கு ஊதிடுவேன்னு மேனேஜர் மிரட்டினாரு.”

“இனிமே நாங்க பாத்துக்குறோம். நீங்க எந்த செக்‌ஷன்மா?”

“தையல்...”

சங்கு அலறியது. விஜயராணி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, போனை மறு காதில் அழுத்தினாள்.

போனுக்குள்ளும் சங்கு அலறியது.

“ஒரு நிமிஷம்மா,” என்ற குரல், யாரையோ பார்த்துக் கத்தியது. “வீரமலை அண்ணே, சங்கை நிறுத்துங்க! போன் பேசிட்டிருக்கேன்ல?”

விஜயராணியின் தலைக்கு மேலே சங்கு சட்டென்று நின்றது.

“ம்... தையல் செக்‌ஷன்,” என்றது குரல், பழைய கனிவோடு. “மேல சொல்லுங்கம்மா.”