உலோகம் இல்லாத இடுப்பு

இந்தக் கதையில் ஒருவர், நழுவும் பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி அத்தனை பேர் முன்னால் நிற்கப்போகிறார். சிரிப்பு அங்கேதான். அதுவரை அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் டாக்டர் அறைக்குப் போகவேண்டும்.

"முழுக்கப் பீங்கான்தானே டாக்டர்? இரும்பு கிரும்பு எதுவும் வேண்டாம்" என்றார் சட்டம்.

சட்டம் என்பது அலுவலகம் வைத்த பட்டப்பெயர். வாசலில், உலோகம் கண்டுபிடிக்கும் கதவுக்கு அவர்தான் தலைமைக் காவலாளி. கதவு கத்தினால் முதலாளியே ஆனாலும் பெல்ட்டைக் கழற்றி, வரிசையின் வாலில் போய் நிற்கவேண்டும். காவலாளிகளுக்கும் விலக்கில்லை. தினமும் காலையில் ஒரு தடவை அதற்குள் நுழைந்து காட்டவேண்டும். கத்தவைத்தவன் அங்கே நிற்க லாயக்கில்லை, கார் நிறுத்துமிடத்துக்குப் போகவேண்டியதுதான். விதியை எழுதியவர் சட்டமேதான்.

இப்போது அவர் இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது.

டாக்டர் மேசைமேல், மூட்டில் பொருத்தும் பந்துகள் இரண்டை வைத்தார். ஒன்று உலோகம். இன்னொன்று வெள்ளை வெளேரென்று செராமிக், அதாவது பீங்கான். செராமிக் என்றால் தேய்மானம் குறைவு என்று ஆரம்பித்தார். தேய்மானக் கணக்கு யாருக்கு வேண்டும்? சட்டம் வெள்ளைப் பந்தைத் தொட்டு, "இதான்" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலோடு செருப்பைத் தேடப் போய்விட்டார். டாக்டர் மிச்சத்தைத் துணைக்கு வந்திருந்த தூங்குமூஞ்சியிடம் சொல்லி முடித்தார்.

தூங்குமூஞ்சி, அதே கதவில் சட்டத்துக்குக் கீழே வேலை பார்ப்பவன்.

மூன்று மாதம் கழித்து சட்டம் வேலைக்கு வந்தார். கதவுக்குள் நுழைந்தார். கதவு மூச்சு காட்டவில்லை.

"பாத்தியாடா, சொக்கப் பீங்கான்" என்று இடுப்பைத் தட்டினார். தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டான்.

இரண்டாவது வாரம்தான் சட்டம் ஒன்றைக் கவனித்தார். எட்டு மணிக்கே உயிரோடு இருக்கவேண்டிய கதவுக்கு, அவர் உள்ளே வந்த பிறகே தூங்குமூஞ்சி நிதானமாகக் குனிந்து ஸ்விட்ச் போடுகிறான். கேட்டால், "மறந்துட்டேண்ணே." மறுநாளும் மறதி. அதற்கு மறுநாளும்.

சட்டம் புகார் எழுதினார். கடமையில் அலட்சியம், தூக்கம், மறதி என்று மூன்று தலைப்பு. மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோதும் தூங்குமூஞ்சி, மறதி என்றே சொல்லிவிட்டு நின்றான். அன்றைக்கே அவனைக் கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை அவன் இடத்தில் ஒரு பெண் நின்றாள். கதவில் பச்சை விளக்கு, எட்டுக்கு முன்பே. சட்டத்துக்குப் பரம திருப்தி. நெஞ்சை நிமிர்த்தி நுழைந்தார்.

கதவு கத்தியது.

சாவிக்கொத்தை எடுத்து வைத்தார். கத்தியது. கைக்கடிகாரம். கத்தியது. பெல்ட்.

இதோ, சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பின்னால் இருந்த வரிசை சிரித்தது.

அவள் உலோகம் தேடும் கைக்கருவியை அவர் தோளிலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். வலது இடுப்பில் வந்து அது அலறியது.

"உள்ள இருக்கறது பீங்கான்மா" என்றார் சட்டம், பேண்ட்டைப் பிடித்தபடி.

"பந்து மட்டும்தானாம் சார். எலும்புக்குள்ள எறக்கற தண்டு மெட்டலாம். டாக்டர் சொன்னாருன்னு அண்ணன் சொன்னாரு."

"எந்த அண்ணன்?"

அவள் கார் நிறுத்துமிடத்துப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க உள்ள வந்தப்புறம்தான் ஸ்விட்ச்சைப் போடணும்னு சொல்லிட்டுத்தான் சார் போனாரு. நான்தான் உங்க புகாருக்குப் பயந்து முன்னாடியே போட்டுட்டேன்."