கை நுழைந்த இடம்

முகமூடியை வைத்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார்கள்.

அவள் இழுத்தாள். இழுத்து அடக்கிக்கொண்டாள்.

பழக்கதோஷம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாம்பன் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவள் இருளாயி. உள்ளே போகிறோம் என்றாலே மூச்சு தானாக நின்றுகொள்ளும்.

விடச் சொன்னது ஒரு குரல்.

விட்டாள்.

பச்சைத் துணிகள் அலையத் தொடங்கின.

பெருங்குடலில் கட்டி. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சின்னத் துளைகள் போதும் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார் டாக்டர் ஹசீனா. அதிலும் இரண்டு வழி. துளை வழியே போகும் நீளக் கருவிகளைத் தானே பிடித்துச் செய்யலாம். இல்லை, ரோபோவின் கைகள் பிடித்துக்கொள்ளும். தான் தள்ளி உட்கார்ந்து அவற்றை இயக்கலாம். அந்தக் கைகள் நடுங்காது. எந்தப் பக்கமும் வளையும். ஆனாலும் இந்தக் கட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மகள் காயத்ரி ரோபோ என்றாள்.

இருளாயி கேட்டது ஒன்றுதான். தள்ளி என்றால் எங்கே?

அதே அறையில், மூலையில், என்றார் டாக்டர்.

"பக்கத்துலயே நின்னு செய்யுங்க டாக்டரம்மா. தனியா முங்கிப் பழக்கமில்ல."

மயக்கத்தின் அடியில், கடலுக்குக் கீழே, வெளிச்சம் கூழாகக் கரைந்து கிடந்தது.

பாறை முழுக்கப் பாசி. விரல்களில் சுற்றிய துணி எங்கேயோ அவிழ்ந்து போயிருந்தது. கல் கிழிக்கவில்லை. மூச்சு தேவைப்படவில்லை.

பக்கத்தில் யாரோ இருந்தார்கள். முகம் தெரியவில்லை.

பிறகு தண்ணீர் கலங்கிற்று. எதுவுமே தெரியவில்லை.

பக்கத்தில் இருந்தவர் போய்விடவில்லை.

விழித்தபோது ஜன்னலில் சாயங்காலம்.

கை மெல்ல வயிற்றுக்குப் போயிற்று. துளைகளைத் தேடிற்று. தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை ஒரே நீளக் கட்டு.

காயத்ரியின் கண்கள் வீங்கியிருந்தன. கட்டிலோரம் டாக்டர் உட்கார்ந்திருந்தார். தலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

உள்ளே ரத்தம் பீறிட்டு, கேமராவில் எல்லாம் சிவப்பாகிவிட்டதாம். வயிற்றைத் திறந்து, கையை விட்டுத்தான் நிறுத்த முடிந்ததாம். கட்டி போய்விட்டது. ஆனால் இந்தப் பருவத்துக்குக் கடல் கிடையாது.

ரோபோ என்றால் இப்படி ஆகியிருக்காதே என்றாள் காயத்ரி.

ஆகாமல் இருந்திருக்கலாம், ஆகியும் இருக்கலாம் என்றார் டாக்டர். அதற்குமேல் தனக்காக எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

இருளாயிக்கு அந்தப் பேச்சு எட்டவில்லை. தான் ஒருநாளும் பார்க்க முடியாத இடத்துக்குப் போய்வந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள எப்படி இருந்துச்சு?"

டாக்டர் தலைத் தொப்பியைக் கழற்றினார்.

"வெதுவெதுன்னு இருந்துச்சும்மா."

இருளாயி டாக்டரின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

முங்கி எழுந்தவளுடையது போல அந்த விரல் நுனிகள் இன்னும் சில்லிட்டிருந்தன.