விதைக்கூடையில் ஒரு காயம்

லூர்தம்மா தன் தோட்டத்தில் தோண்டிய உருளைக்கிழங்குகளில் இருபதை அடுத்த விதைப்புக்கென்று கூடையில் எடுத்து வைத்தாள். அவற்றில் ஒரு நீளக் கிழங்குக்கு மட்டும் களைக்கொத்து பட்டு ஒரு காயம். அது காயத்தை அடியில் மறைத்துக்கொண்டு படுத்திருந்தது.

வாரம் ஒருமுறை லூர்தம்மா வந்து கூடையைப் பார்ப்பாள். அவள் காலடிச் சத்தம் கேட்டாலே நீளக் கிழங்கு காயத்தை இன்னும் அடியில் அழுத்திக்கொள்ளும்.

“காட்டிடு. கெட்டதை வெட்டிட்டுச் சாம்பல் தடவுவா, சரியாயிடும்,” என்றது பக்கத்தில் இருந்த உருண்டைக் கிழங்கு.

“மொத்தமா குப்பைக்குழியில வீசிட்டா? நீ சும்மா இரு.”

உருண்டை சும்மா இருந்தது. மூன்றாம் வாரம் அதன் கன்னத்தில் ஈரம் பட்டது. நாற்றமும் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் பதினெட்டுப் பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள்.

அன்று லூர்தம்மா குனிந்தபோது உருண்டை புரண்டு தன் ஈரக் கன்னத்தைக் காட்டியது. அவள் அதைத் துடைத்துவிட்டு, கையால் துழாவி நீளக் கிழங்கை எடுத்தாள். அழுகியதை வெட்டி வெட்டி எறிந்ததில், ஒரே ஒரு முளைக்கண்ணோடு சிறு துண்டுதான் மிஞ்சியது. அதில் சாம்பல் தடவி, அதையும் உருண்டையையும் ஜன்னலோரம் வைத்தாள்.

உருண்டைக்குத் துண்டைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

“கோபமா?” என்று கேட்டது.

“அதெல்லாம் அப்புறம்,” என்றது துண்டு. “வெட்டின இடம் எனக்குத் தெரியலை. காயுதா, இல்லை இன்னும் கசியுதா? நல்லா பார்த்துச் சொல்லு.”