மிஞ்சிய டின்

காலி டின்களைச் சாக்கில் போடும்போது ஒன்று மட்டும் கனத்தது. மூடியே திறக்காத சின்ன டின்.

தரைக்குப் பூச்சு போட வந்த தரைக்காரர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

பெரிய டின்னில் பூச்சு, சின்ன டின்னில் அதை இறுக வைக்கும் ஹார்டனர். ஒன்றுக்கு ஒன்று ஜோடி. சின்னது மிஞ்சினால், ஏதோ ஒரு கலவையில் ஊற்ற மறந்தாயிற்று என்று அர்த்தம். அந்த இடம் ஜென்மத்துக்கும் இறுகாது.

கலக்கியது அவர்தான். அதை யார் கையிலும் விடமாட்டார், பெண்டாட்டி உள்பட. கால் வழுக்காமல் இருக்க மேலே மணல் தூவுவதோடு அவள் வேலை சரி.

ஹோட்டல் சமையலறை வாசலில் மாஸ்டர் வந்து நின்றார். பழைய தரையில் கொதிக்கிற எண்ணெயோடு வழுக்கி விழுந்தவர், கைக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

"காலையில அடுப்பு பத்த வெச்சிரலாம்ல?"

"தாராளமா," என்றார் தரைக்காரர். டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

போன வருஷம் ஒரு பேக்கரியில் இப்படித்தான் மானம் போனது. தரை இறுகவே இல்லை. மாவு பிசைகிறவர்களின் செருப்பெல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றன. சரக்கு போலி என்று ஒரே போடாகப் போட்டார் தரைக்காரர். சரக்கு கொடுத்தது மச்சான், பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். மச்சான் கடை வாசலிலேயே நின்று, நாலு பேர் பார்க்க மானாவாரியாகத் திட்டித் தீர்த்தார். தன் போனிலும் பெண்டாட்டி போனிலும் மச்சான் நம்பரை அழித்தார். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட அவளை அனுப்பவில்லை.

இந்தத் தடவை சரக்கு வேறு கடையில் வாங்கியது. இப்போது யார் தலையில் கட்டுவது?

உள்சுவரிலிருந்து ஆரம்பித்தார். மண்டி போட்டு, கட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அடுப்பு மேடைக்குக் கீழே இறுகியிருந்தது. தண்ணீர் போகும் துளையைச் சுற்றியும் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு இடமும் நன்றாக இருக்க இருக்கப் பயம் கூடியது. இங்கே இல்லையென்றால் அடுத்த அடியில் இருக்கும்.

மணல் முழங்காலை அறுத்தது. வாசல் நிலையில் சாய்ந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அவள் காலடிக்கே வந்து சேர்ந்தார். அங்கேயும் அழுத்தினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. தரை மொத்தமும் கல்லாக இறுகிக் கிடந்தது.

"எல்லாம் சரியா இருக்கே. அப்போ இது ஏது?"

"அடியில பாருங்க," என்றாள்.

டின்னைக் கவிழ்த்தார். பாதி கிழிந்த ஒரு கடை ஸ்டிக்கர். மச்சான் கடை ஸ்டிக்கர். பேக்கரி வேலைக்குப் பிறகு அங்கே எதுவும் வாங்கியதில்லை.

"நம்ம வேன் சீட்டுக்கு அடியில கிடந்துச்சு. காலையில கூட்டும்போது பார்த்தேன்."

காலி டின்களோடு அதை யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த பேக்கரியிலும் கலக்கியது அவர்தானே.

எழுந்திருக்காமல், தரையைப் பார்த்தபடியே போனை எடுத்தார்.

"உங்க அண்ணன் நம்பர் யார்கிட்டயாவது கிடைக்குமா?"

அவள் தன் போனைத் தொடவே இல்லை. ஒவ்வொரு எண்ணாக, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.